இரண்டாம் தரக் கடல்

நெஸ்டாவும் இத்தெலும் அக்கா தம்பி. வேல்ஸின் வடகரையில், தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே ஓடும் குறுகலான கடலில் இருபத்தேழு வருடமாகச் சிப்பி வளர்த்தார்கள். தம்பிக்குக் கடல், அக்காவுக்குச் சாலை என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டாயிற்று. இத்தெல் படகில் போய்க் குஞ்சுச் சிப்பிகளை அள்ளி வந்து கடலடியில் பரப்புவான். இரண்டு வருடம் காத்திருந்து, அவை கட்டைவிரல் நீளத்துக்கு வளர்ந்ததும் இரும்புக்கூடையால் சுரண்டி மேலே எடுப்பான். நெஸ்டா அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு ஹாலந்துக்கு ஓட்டிப் போவாள். இருபத்திரண்டு டன்னை ஒரே மூச்சில் ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெண்பிள்ளை அந்தக் கரையில் அவள் ஒருத்திதான்.

அவர்களுடைய ஊரான அபர்கெலினில் யாரும் சிப்பியை வாயில் வைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமையானால் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் போதும் அவர்களுக்கு. சிப்பியைத் தின்றவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஹாலந்தின் ஸீலாந்துக் கரையில் மரினஸ் என்று ஒரு வியாபாரி. நெஸ்டா கொண்டுபோகும் சரக்கைத் தன் ஊர்க் கடலில் பத்து நாள் போட்டு வைத்து, மணலும் அழுக்கும் கக்கவிட்டு, பிறகு பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் அனுப்புவார். அந்தப் பத்து நாள் ஏன் வேண்டுமென்றால், அபர்கெலின் கடலுக்குச் சோதனைச்சாலைக்காரர்கள் கொடுத்திருந்த தரம் இரண்டு. முதல் தரத்துக் கடலில் விளைந்ததை எடுத்தவுடன் தின்னலாம். இரண்டாம் தரத்தில் விளைந்ததைச் சுத்தமான நீரில் வைத்திருந்துதான் தின்னலாம். மலையில் ஆடுகள் மேய்கின்றன, மழை பெய்கிறது, எல்லாம் கடலுக்குத்தான் வந்து சேரும். இருபத்தேழு வருடத்தில் இது ஒருநாளும் யாருக்கும் குறையாகப் படவில்லை. வேல்ஸும் ஹாலந்தும் ஒரே சந்தை. இங்கே எடுத்து அங்கே கழுவுவது, ஒரு வீட்டின் தோட்டத்தில் பறித்து அதே வீட்டின் அடுக்களையில் அலசுவதைப் போலத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது இத்தெல் வெளியேறத்தான் வாக்களித்தான். அதை அவன் மறைக்கவும் இல்லை. அவனுக்கென்று ஒரு கோபம் இருந்தது. கூடப் படித்த இரண்டு மீனவர்கள், இவ்வளவு மீன்தான் பிடிக்கலாம் என்ற ஒன்றியத்தின் ஒதுக்கீட்டுச் சட்டத்தால் படகை விற்றவர்கள். அவர்களுக்காகப் போட்டேன் என்றான். நெஸ்டா இருக்கவேண்டும் என்று போட்டாள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய், ஒரே பள்ளிக்கூடத்தில் வாக்களித்து, ஒரே வண்டியில் திரும்பினார்கள். நெஸ்டாவின் கணவன் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இத்தெலின் மனைவி அதற்கு முன்பே லிவர்பூலுக்குப் போய்விட்டாள். ஒருவருக்கொருவர் தவிர வேறு ஆள் இல்லாத வீட்டில் சண்டையை எவ்வளவு நாள் இழுக்கமுடியும்?

வெளியேறும் நாள் நெருங்கியபோது, மாவட்டத் தலைநகரில் மீன்பிடித் தொழில் செய்பவர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நெஸ்டா எழுந்து நின்று, எங்கள் கடல் இரண்டாம் தரம், எங்கள் சிப்பி பிறகும் போகுமா என்று கேட்டாள். போகும், கூடுதலாகச் சில காகிதங்கள் வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்றார் அவர். அவள் அதை எழுத்தில் கேட்டாள். இரண்டு வாரத்தில் எழுத்திலும் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஒன்றியத்தோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகப்போகிறது என்று செய்தி வந்தது. இத்தெல் மழையில் நனைந்தபடி அக்கா வீட்டுக்கு ஓடிவந்தான்.

"கேட்டியாக்கா? சுங்கவரி சைபராம். ஒரு காசு கிடையாதாம். நாலு வருஷமா என்னைப் போட்டு வறுத்தெடுத்தியே, இப்ப என்ன சொல்ற?"

"சந்தோஷம்னு சொல்றேன். முதல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

உண்மையிலேயே அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வரி போட்டால் மரினஸ் அயர்லாந்துப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்பதுதான் அவளுடைய பயமாக இருந்தது. வரி இல்லை என்றானபின் பயப்பட என்ன இருக்கிறது? அன்று இருவரும் வாத்து வறுத்துச் சாப்பிட்டார்கள்.

ஜனவரி மூன்றாம் வாரம் முதல் சரக்கு கிளம்பியது. முன்பெல்லாம் நெஸ்டாவின் கையில் ஒரு ரசீதுதான் இருக்கும். இந்தத் தடவை சுங்க அறிவிப்பு, சரக்கு எங்கே விளைந்தது என்பதற்கு ஒரு தாள், முன்கூட்டியே கணினியில் பதிவு செய்ததற்கு ஒரு எண், ஓட்டுநருக்குக் கொரோனா இல்லை என்பதற்கு ஒரு சீட்டு, இவற்றுக்கெல்லாம் மேலே நலச்சான்றிதழ். அதை ஒரு கால்நடை மருத்துவர்தான் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டுமாம். இலியானா என்ற ருமேனியப் பெண் செஸ்டரிலிருந்து வந்து, குளிரில் மூக்கு சிவக்கத் துறையில் நின்றாள்.

"மாட்டு டாக்டரம்மா, சிப்பிக்கு நாடி எங்க பாப்பீங்க?" என்று இத்தெல் கேட்டான்.

"முதல்ல உங்களுக்குப் பாக்கறேன், ரொம்பத் துள்ளுது" என்றாள் அவள். படகில் இருந்த இரண்டு ஆட்களும் சிரித்தார்கள்.

ஆனால் பன்னிரண்டு பக்கச் சான்றிதழைப் புரட்டும்போது இலியானாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு படிவங்கள் இருக்கின்றன என்று அவள் நெஸ்டாவுக்கு விளக்கினாள். உண்பதற்காகப் போகும் சிப்பிக்கு ஒன்று. அதில் முதல் தரக் கடலில் விளைந்தது, அல்லது ஏற்கெனவே சுத்திகரித்தது என்று அவள் உறுதி சொல்லவேண்டும். அதை அவள் சொல்லமுடியாது. இன்னொரு கடலில் போட்டு வளர்ப்பதற்காகப் போகும் சிப்பிக்கு மற்றொன்று. அதில் தரம் பற்றிய கேள்வி இல்லை. மரினஸ் எப்படியும் தன் கடலில் போடத்தானே போகிறார், இதையே நிரப்பலாமே என்றாள் நெஸ்டா. லண்டன் கடிதத்தைக் காட்டினாள். இலியானா அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாக முத்திரை குத்திக் கையெழுத்திட்டாள். "அங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது நெஸ்டா. தெரியும்னு சொன்னா அது பொய்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லாரி பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்கியது. வழக்கமாக அந்த நேரத்துக்கு நெஸ்டா பெல்ஜிய எல்லையைத் தாண்டியிருப்பாள். இப்போது ஆரஞ்சு நிறக் கோடு காட்டிய வழியே போய், மீன் சோதனைச் சாவடியின் முற்றத்தில் முப்பது வண்டிகளுக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் பிரிட்டிஷ் வண்டிகள். ஸ்காட்லாந்து இறால் வண்டிக்காரர் ஒருவர், தான் முந்தாநாளிலிருந்து அங்கேயே இருப்பதாகவும், ஒரு பக்கத்தில் முத்திரையின் மை கலங்கிவிட்டதால் வேறு சான்றிதழ் கேட்டிருப்பதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு பாதி சாண்ட்விச்சை அவளுக்கு நீட்டினார். சிப்பியைக் குளிரில், ஈரச் சாக்குக்குள் வைத்தால் மூன்று நாள் தாங்கும், நல்ல சிப்பியானால் நான்கு நாள். நெஸ்டா மனதுக்குள் கணக்குப் போட்டுப்பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள்.

அவளுடைய முறை வந்தபோது மணி பன்னிரண்டு. ஒதில் என்ற பெண் அதிகாரி, நரைத்த முடியை இறுகக் கட்டியவர், லாரியின் பின்கதவைத் திறந்து பார்த்து, நல்ல சரக்கு என்று தலையசைத்தார். உள்ளே போய்க் காகிதங்களைப் பரப்பிக்கொண்டார். அவர் பேச்சில் கடுமையே இல்லை. அதனால்தான் நெஸ்டாவும் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க ஹாலந்து நண்பர் இதைக் கடல்ல எத்தனை நாள் போட்டு வெச்சிருப்பாரு?"

"பத்து நாள். ரொம்பப் போனா பன்னெண்டு" என்றாள் நெஸ்டா.

ஒதில் பேனாவைக் கீழே வைத்தார்.

பத்து நாளில் எந்தச் சிப்பியும் வளராது, இது வளர்ப்புக்குப் போகும் சரக்கு இல்லை, தின்னப்போகும் சரக்கு என்று அவர் மெதுவாக விளக்கினார். அப்படியானால் அந்தப் படிவத்தைக் கொடுங்கள், நிரப்பித் தருகிறோம் என்றாள் நெஸ்டா. அந்தப் படிவத்துக்கு உங்கள் கடல் தகுதியில்லை என்றார் ஒதில்.

"அப்ப எங்களுக்கு எந்தப் படிவம் மேடம்?"

"உங்களுக்குன்னு ஒண்ணு கிடையாதும்மா. நீங்க எதையும் தப்பா எழுதல. வெளிநாட்டுலேருந்து ரெண்டாம் தரச் சிப்பி உசுரோட உள்ள வர்றதுக்குப் படிவமே இல்லை. உங்களுக்காகப் புதுசாப் போட்ட சட்டம் இல்லை இது. ரொம்ப வருஷமா இருக்கு. முன்னால நீங்க வெளிநாடு இல்லை."

கடிதத்தைக் காட்டினாள். ஒதில் அதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, இதை எழுதியவர் உங்கள் ஊர் அதிகாரி, எங்கள் ஊர் அதிகாரி இல்லையே என்றார். திருப்பிக் கொண்டுபோகலாம், ஆனால் எல்லை தாண்டிய சிப்பியை மறுபடி உங்கள் கடலில் போட உங்கள் ஊர்ச் சட்டம் விடாது, நோய் பரவும் என்று. இல்லையென்றால் இங்கேயே அழிக்கவேண்டும். இரண்டில் ஒன்றை மாலைக்குள் சொல்லச் சொன்னார்.

நெஸ்டா மரினஸுக்குப் போன் செய்தாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டார். உள்ளே விடவில்லை. சாவடி முற்றத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவேலி. அவர் அந்தப் பக்கம் நின்றார், அவள் இந்தப் பக்கம். அறுபத்தைந்து வயது மனிதர், முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கி மூச்சு வாங்கினார். உள்ளூர் அதிகாரிகள், சங்கத் தலைவர், தெரிந்த ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் என்று வரும் வழியெல்லாம் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசியிருந்தார். எல்லாரும் வருத்தப்பட்டார்களாம்.

"ஒண்ணை எடுத்துத் தட்டிப் பாரு நெஸ்டா. மூடுதா?"

அவள் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து வேலிக் கம்பியில் தட்டினாள். லேசாகத் திறந்திருந்த ஓடு மெல்ல மூடிக்கொண்டது.

"மூடுது."

"அப்ப உசுரு இருக்கு" என்றார் அவர். பிறகு, "கொண்டுபோய் என்ன பண்ணுவ? வழியிலயே செத்து நாறும். இங்கயே குடுத்துடு" என்றார். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு மீன்கழிவு அள்ளும் வண்டி வந்தது. தலா ஒரு டன் பிடிக்கும் சாக்குகளைப் பளுதூக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்தார்கள். கூழாங்கல் கொட்டுகிற சத்தம். இருபத்திரண்டு சாக்கும் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒதில் வெளியே வந்து கொஞ்ச நேரம் நெஸ்டாவின் பக்கத்தில் நின்றார். மரினஸ் வேலியை இரண்டு கையாலும் பிடித்தபடி கடைசிவரை இருந்தார்.

காலி லாரி மேட்டில் ஏறும்போது துள்ளும். அந்தத் துள்ளல் வீடு சேரும்வரை அவள் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது.

லண்டனுக்கு எழுதினாள். அதிகாரிகளிடமிருந்து இதமான பதில் வந்தது: இது தற்காலிகத் தடைதான், ஏப்ரலில் அந்தப் பக்கத்துச் சட்டம் மாறுகிறது, அதுவரை பொறுங்கள். இத்தெல் பிடித்துக்கொள்ள அது போதுமாயிருந்தது. மூன்று மாதம்தானே என்று படகுக்கு வண்ணம் அடித்தான். ஊரில் மதுக்கடைகள் பூட்டிக் கிடந்த காலம். தபால் நிலைய வாசலில் வரிசையில் நின்றவர்கள் அவனைப் பார்த்து, "என்ன இத்தெல், சுதந்திரம் ருசியா இருக்கா? வெண்ணெய் போட்டு வதக்கணுமோ?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் பாதிப்பேர் அவனைப் போலவே வாக்களித்தவர்கள். அவன் சிரித்துவிட்டு வந்தான். முதல் சில வாரம் அவனால் சிரிக்க முடிந்தது.

பிப்ரவரியில் அந்தப் பக்கத்திலிருந்தே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் எதுவும் மாறாது. எப்போதும் மாறாது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள எல்லா நாட்டுக்கும் உள்ள விதிதான் உங்களுக்கும். இதன்மேல் கணினித் திரையில் ஒரு கூட்டம் நடந்தது. பன்னிரண்டு சதுரங்களில் பன்னிரண்டு முகங்கள். புது அதிகாரி ஒருவர், இளைஞர், கரையிலேயே சுத்திகரிப்புத் தொட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்றார். இருபத்திரண்டு டன்னுக்குத் தொட்டி என்றால் கால்பந்து மைதானம் வேண்டும், அப்படியே கட்டினாலும் தொட்டியில் இரண்டு நாள் நின்று களைத்த சிப்பி பிறகு சாலையில் தாங்காது என்று நெஸ்டா எடுத்துச் சொன்னாள். அதிகாரி குறித்துக்கொண்டார். உள்ளூர்ச் சந்தையை வளர்க்கப் பாருங்கள் என்றார் கடைசியில். இத்தெல் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவன் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். நெஸ்டாவுக்கு ஒரு மாதமாக நெஞ்சில் முள்ளாக நின்றிருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டாள். கலேயில் அந்த அதிகாரி எத்தனை நாள் என்று கேட்டபோது, ஒரு வருஷம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். பத்து நாள் என்று சொன்னது நான்தான். என் வாய்தான் கெடுத்தது.

இத்தெல் சுவரில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டினான்.

"அந்த லோடு போயிருக்கும். அடுத்த லோடுக்கு என்ன சொல்லியிருப்ப? நீ பொய் சொல்ற ஆளா? உன் வாய் ஒண்ணும் கெடுக்கலக்கா. என் கைதான்."

"வாக்கு போட்டது நீ ஒருத்தன் இல்லடா."

"இந்தக் கடல்ல சிப்பி போட்டவன் நான் ஒருத்தன்தானே."

கடலடியில் அப்போது அறுநூறு டன் சிப்பி எடுக்கும் பருவத்தில் இருந்தது. அதன் கீழே அடுத்த வருடத்துக்கானது. வாங்க ஆளில்லாததை எடுத்தும் பயனில்லை, எடுக்காமல் விட்டாலும் அது சும்மா இருக்காது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளது மூச்சுமுட்டிச் செத்துச் சேறாகும். நட்சத்திர மீன்கள் வாசனை கண்டு வரும். அவை சிப்பியைக் கட்டிப்பிடித்து, ஓட்டை இழுத்துத் திறந்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். நல்ல காலத்தில் படகிலிருந்து கயிற்றுத் துடைப்பங்களைக் கடலடியில் இழுத்து அவற்றை வாரி எடுப்பார்கள். படகின் இரண்டு ஆட்களையும் மார்ச்சில் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. இத்தெல் தனியாகத் துடைப்பம் இழுத்தான்.

தினமும் விடியலில் போவான், மத்தியானம் வருவான். படகின் மேல்தளம் முழுக்கச் செம்மஞ்சள் நட்சத்திரங்கள் நெளிந்துகொண்டிருக்கும். அவற்றைக் கரையில் கொட்டிவிட்டு மறுபடி போவான். யாருக்காக என்று நெஸ்டா கேட்கவில்லை. அவள் ஒரு பேரங்காடிக் கிடங்குக்கு லாரி ஓட்டப் போயிருந்தாள்; அந்தச் சம்பளத்தில்தான் படகுக்கு டீசல் வாங்கினார்கள். ஏப்ரல், மே, ஜூன். அவன் விரல்கள் உப்பில் வெடித்து ரத்தம் கட்டின. மேசையில் கரண்டியைப் பிடிக்க முடியாமல் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிச் சூப் குடித்தான். அன்றுதான் அவள், "போதும்டா" என்றாள்.

"விட்டா எல்லாத்தையும் தின்னுடும்."

"தின்னட்டும். வேற யாரு தின்னப்போறாங்க?"

அவன் கோப்பையை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவன் மனைவி போன அன்றுகூட நெஸ்டா பார்த்ததில்லை. மறுநாள் அவன் கடலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எதையும் கொடுத்திருப்பாள்.

ஆகஸ்டில் படகை மரினஸ் வாங்கிக்கொண்டார். அவருக்கு அது தேவைப்படவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். படகுக்கு எல்லையில் ஒரு தடையும் இல்லை. இரண்டு படிவம், ஒரு கையெழுத்து, முடிந்தது. இத்தெலே அதைக் கடல்வழியாக ஐந்து நாளில் ஓட்டிக்கொண்டுபோய் ஸீலாந்தில் கட்டினான். ஒரு வாரத்தில் திரும்புகிறேன் என்று சொல்லிப் போனவன் திரும்பவில்லை.

அங்கேயே மரினஸின் கொட்டகை மாடியில் தங்கிவிட்டதாகப் போனில் சொன்னான். படகின் இயந்திரத்தை அவனைப்போல் யாருக்கும் தெரியாது, புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், கூடவே கடலுக்கும் போகிறான். குரலில் உயிர் வந்திருந்தது. மரினஸ் அவனை அந்தப் படகின் தலைவனாகவே வைத்துக்கொள்ள விரும்பினார். முறைப்படி வேலைக்கு அனுமதி வாங்க முயன்றார். அந்த வேலைக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் இருந்தால்தான் வெளிநாட்டுக்காரனுக்கு அனுமதி, அதுவும் ஒன்றிய நாடுகளில் ஆள் கிடைக்காவிட்டால்தான் என்று பதில் வந்தது. விண்ணப்பம் திரும்பியது. தொண்ணூறு நாள் தங்கலாம், அதற்குமேல் கூடாது.

நவம்பரில் தொண்ணூறு நாள் முடிந்தது. வந்துவிடு என்று நெஸ்டா சொன்னாள். இன்னும் ஒரு வாரம் என்றான். பிறகு கிறிஸ்துமஸ் வரை என்றான். ஜனவரியில் மரினஸே அவளைக் கூப்பிட்டார்.

"நான் அவனைப் போகச் சொல்லிட்டேன் நெஸ்டா. பிடிச்சாங்கன்னா எனக்கு உரிமம் போயிடும், முப்பது குடும்பம் இருக்கு. அவன் ஒண்ணுமே சொல்லல. பையை எடுத்துட்டு இறங்கிட்டான். நீ போய்க் கூட்டிக்கோ."

இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் பயணிகள் வெளியே வரும் வாசலில் அவள் காத்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் போனபின் கடைசி ஆளாக இத்தெல் வந்தான். மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். அக்கரையில் கப்பல் ஏறுமுன் கடவுச்சீட்டில் உள்ள முத்திரையை வைத்து நாட்களை எண்ணியிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு நாள் அதிகம். ஒரு வருடத்துக்கு ஒன்றியத்தின் எந்த நாட்டுக்கும் வரக்கூடாது என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். எடுத்து அவளிடம் காட்டினான்.

"மரியாதையாத்தான் நடத்துனாங்கக்கா. உக்கார வெச்சாங்க, காப்பி குடுத்தாங்க. அந்தப் பொண்ணு மன்னிப்புகூடக் கேட்டுச்சு."

"சரி, வண்டியில ஏறு."

"எல்லாமே சரியாத்தான் பண்றாங்க. அதான் எனக்குத் தாங்கல. நாம கேட்டதைத்தானே குடுத்திருக்காங்க? எல்லை வேணும்னு கேட்டோம். இதான் எல்லை."

அவள் வண்டியைக் கிளப்பினாள். ஏழு மணி நேரப் பயணம். நடுவில் ஒரு கடையில் நிறுத்தித் தேநீர் வாங்கினாள். அவன் அதைக் கையில் வைத்திருந்தே ஆறவிட்டான். படகைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். புதுத் தலைவன் போலந்துக்காரன், நல்ல பையன், இயந்திரத்தை முறுக்காமல் ஓட்டுகிறான் என்றான்.

வசந்தத்தில் நெஸ்டா அவனுக்கும் தன் கிடங்கிலேயே வேலை வாங்கிக்கொடுத்தாள். குளிர் அறையில் பெட்டி அடுக்குகிற வேலை. கடலைப் பார்க்காத, ஜன்னலே இல்லாத இடம். அவன் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை, எதைப் பற்றியும் குறை சொல்வதை விட்டிருந்தான். காலையில் தயாராகி வாசலில் நிற்பான். அவள் வண்டியில் ஏற்றிக்கொள்வாள். சாயங்காலம் கொண்டுவந்து விடுவாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்பான்.

வேலைக்குப் போகிற சாலை நான்கு மைல் தூரம் கரையை ஒட்டியே போகும். மே மாதத்தில் முதல் வெயில் அடித்த அன்று கடல் மிகவும் உள்வாங்கியிருந்தது. சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிந்தன. அவர்கள் சிப்பி போட்டிருந்த இடம் முழுவதும் வாய் பிளந்த காலி ஓடுகள் கறுத்துக் குவிந்து கிடந்தன. நெஸ்டா பார்வையைச் சாலையிலேயே வைத்துக்கொண்டாள். வளைவு திரும்பியதும் காற்று இந்தப் பக்கம் அடித்தது. இரண்டு வருடத்துச் சிப்பி அழுகுகிற நாற்றம் வண்டிக்குள் நிறைந்தது.

இத்தெல் கையை நீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினான். பிறகு மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அக்கா என்ன வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, மூடினான்.